கெக்ல இருந்து பாட்டில்ல பீர் பிடிக்க பீர் கன் அவசியமா?

கேள்வி, 6 ஜனவரி

அண்ணே, 19 லிட்டர் கார்னி கெக்ல, அதான் பிரஷர் தாங்குற ஸ்டீல் பீப்பாய்ல, வீட்ல காய்ச்சின பேல் ஏல் பீர் ரெடியா இருக்கு, கேஸ் நல்லா ஏறியிருக்கு, கிளாஸ்ல பிடிச்சா குறையே சொல்ல முடியாது. ஃப்ரெண்டு வீட்டு பார்பிக்யூக்கு ஒரு டஜன் பாட்டில் கொண்டு போலாம்னு டேப்புக்குக் கீழ பாட்டிலை வெச்சா முக்கால்வாசி நுரைதான் வருது. அடங்கட்டும்னு காத்திருந்து திரும்பத் திரும்ப ஊத்துனா குடிக்கும்போது கேஸே இல்லாம சப்புனு இருக்கு. பீர் கன் (பாட்டில் அடி வரைக்கும் குழாயை விட்டு கேஸும் பீரும் விடுற கருவி) இல்லாம இது ஆகாதுனு சொல்றாங்க. விலையைப் பாத்தா பழைய கெக் இன்னொண்ணு வாங்கிடலாம் போல. நிஜமாவே வேணுமா?

6 ஜனவரி, ராத்திரி

பீர் கன் கதை அப்புறம். பாட்டில் எங்க இருந்துச்சு, மொதல்ல அதைச் சொல்லுங்க தம்பி. கராஜ்லதானே? மெல்பர்ன்ல ஜனவரி வெயிலுக்கு கராஜ் உள்ள 35 டிகிரி இருக்கும், பாட்டிலும் 35, பீர் 4 டிகிரி. உள்ள விழுந்த உடனே பொங்காம அது வேற என்ன பண்ணும்.

கணக்கு இதுதான். 4 டிகிரி குளிர்ல 12 பிஎஸ்ஐ பிரஷர் வெச்சா பீருக்குள்ள சுமார் 2.5 வால்யூம் கேஸ் நிக்கும், அதாவது ஒரு லிட்டர் பீர்ல ரெண்டரை லிட்டர் கார்பன் டை ஆக்சைடு கரைஞ்சு கிடக்கு. அதே கேஸை 10 டிகிரில பிடிச்சு வைக்கணும்னா 17, 18 பிஎஸ்ஐ வேணும். 20 டிகிரில 27, 28. வாய் திறந்த பாட்டில்ல நீங்க கொடுக்கிற பிரஷர் எவ்வளவு? ஒண்ணுமே இல்ல. அப்ப அந்த கேஸ் எப்படா வெளிய போலாம்னுதான் காத்திருக்கு, சூடான கண்ணாடி ஒரு சாக்கு, உயரத்துல இருந்து விழுறது ஒரு சாக்கு, பாட்டில் உள்சுவர்ல தூசி இருந்தா அது ஒரு சாக்கு. காபி ஆத்துறதுக்கு என்னெல்லாம் பண்ணுவோமோ அது எதையுமே இங்க பண்ணக் கூடாது.

இன்னிக்கு ராத்திரி பாட்டிலை எல்லாம் கழுவி, சானிடைசர் போட்டு, உள்ள ஈரம் இருக்கும்போதே வாய்க்கு ஃபாயில் சுத்தி கெக் இருக்கிற ஃப்ரிட்ஜ்லயே வெச்சிருங்க. ஈரமா இருக்கணும், காய வைக்காதீங்க, காஞ்ச கண்ணாடில நுரை இன்னும் ஜாஸ்தி. நாளைக்கு மிச்சத்தை எழுதறேன், இப்ப தூக்கம் வருது.

7 ஜனவரி

சரி, சாமான் லிஸ்ட். பிக்னிக் டேப் ஒண்ணு, பிளாஸ்டிக்ல கட்டைவிரலால அழுத்துற சின்ன டேப், கெக் வாங்கும்போதே நிறைய பேர் கொடுத்திருப்பாங்க. கெட்டியான பிளாஸ்டிக் குழாய் ஒரு துண்டு, பாட்டில் அடியைத் தொடுற நீளத்துக்கு. அது டேப்போட வாய்க்குள்ள இறுக்கமா போய் உக்காரணும். அடிப்பக்க நுனியை சாய்வா வெட்டுங்க, இல்லனா பாட்டில் தரையில ஒட்டிக்கிட்டு பீர் வராது. அப்புறம் நடுவுல ஒத்தைத் துளை போட்ட ரப்பர் கார்க், குழாயை அதுக்குள்ள நுழைச்சு மேல தள்ளி வெச்சுக்கங்க. அவ்வளவுதான் மெஷின். ஒரு படம் பாத்துட்டு வர்ற செலவு கூட ஆகாது.

வேலை செய்யற விதம்: கேஸை மூடி, கெக் மூடில இருக்கிற வால்வை இழுத்து பிரஷரை இறக்கி, ரெகுலேட்டர்ல 5 பிஎஸ்ஐ வெச்சு திரும்பத் திறங்க. கிலோபாஸ்கல் ரெகுலேட்டர் வெச்சிருக்கவங்களுக்கு 35. மொத கிளாஸ் பீரை உங்களுக்குப் பிடிச்சுக்கங்க, இது மரியாதைக்கு இல்ல, லைன்ல நிக்கிற சூடான பீரும் கெக் அடியில படிஞ்ச ஈஸ்ட்டும் அதோட போயிடும், குழாயும் குளிர்ந்திடும். அப்புறம் குழாயை பாட்டில் அடி வரைக்கும் விட்டு, கார்க்கை பாட்டில் வாய்ல அழுத்தி, டேப்பை முழுசா திறங்க. பீர் கொஞ்சம் வரும், நுரைக்கும், உள்ள பிரஷர் ஏறும், பிரஷர் சமமானதும் வர்றது தானா நின்னுடும். அந்த இடத்துல கார்க்கை விரலால ஒரு ஓரமா லேசா நெம்புங்க. உஸ்ஸுனு கொஞ்சம் காத்து போகும், பீர் சத்தமில்லாம ஏறும். நெம்புறது எவ்வளவுங்கிறதுதான் வேகம், அதை விரல் ரெண்டு பாட்டில்ல கத்துக்கும்.

நுரை வாய் வரைக்கும் வந்ததும் டேப்பை விட்டுட்டு குழாயை உருவுங்க. குழாய் அடைச்சுக்கிட்டு இருந்த இடம் காலியாகி பீர் மட்டம் கீழ இறங்கும், கடைப் பாட்டில்ல இருக்கிற அளவுக்கே மேல இடம் விட்டு நிக்கும். உடனே மூடி.

7 ஜனவரி, கொஞ்ச நேரம் கழிச்சு

டேப்பை முழுசா திறக்கணும்னு ஏன் சொன்னேன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். பாதி திறந்தா மெதுவா வரும், நுரை கம்மியா இருக்கும்னு தோணும், நேர் எதிர். பாதி திறந்த டேப்புக்குள்ள சந்துல பீர் சீறிக்கிட்டுப் போகும், அங்கேயே கேஸ் பிரிஞ்சிடும். வேகத்தைக் குறைக்கிறது கார்க்கோட வேலை, டேப்போட வேலை இல்ல.

இன்னொண்ணு, டிஷ்வாஷர் கதவைத் திறந்து படுக்கப் போட்டு அது மேல பாட்டிலை வெச்சு பிடிங்க. சிந்துறது எல்லாம் உள்ள போயிடும், கதவை மூடினா சுத்தம். வீட்ல திட்டு பாதியா குறையும்.

9 ஜனவரி

"பாட்டில் வெறும் 200 கிராம் கண்ணாடி, அதுல எவ்வளவு சூடு இருந்துடப் போகுது, சும்மா பயமுறுத்துறீங்க"னு ஒரு எஞ்சினியர் வந்திருக்கார். நல்ல கேள்விதான், கணக்குப் போட்டுப் பாத்தேன். 35 டிகிரி பாட்டில்ல 4 டிகிரி பீரை 375 மில்லி ஊத்துனா மொத்த பீரும் சுமார் 3 டிகிரிதான் ஏறும். நீங்க சொல்றது அந்த அளவுக்குச் சரி. ஆனா சூடு மொத்தத்துக்கும் சமமா போய்ச் சேர்றதுக்கு நேரம் ஆகும் சார். மொதல்ல போய் அடிக்கிற பீர் கண்ணாடியை ஒட்டின மெல்லிசான படலம், அது மிச்ச பீரை விட ரொம்ப சூடாகுது, அந்த படலம்தான் பொங்குது, அதுல கிளம்பின குமிழி மிச்சத்தையும் இழுத்துக்கிட்டு வருது. நுரைக்கு சராசரி தெரியாது. உங்களுக்கு நம்பிக்கை இல்லனா ஒரு பாட்டில் கராஜ்ல இருந்து, ஒரு பாட்டில் ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து அடுத்தடுத்துப் பிடிச்சுப் பாருங்க.

11 ஜனவரி

5 பிஎஸ்ஐ பத்தி இன்னும் கொஞ்சம் யோசிச்சேன். அது குட்டை லைன் வெச்சிருக்கவங்களுக்கு. பிக்னிக் டேப்போட வர்ற லைன் பெரும்பாலும் ஒரு மீட்டர் கூட இருக்காது, அதுல 12 பிஎஸ்ஐ விட்டா தீயணைப்பு வண்டிதான். ஆனா 4 மில்லிமீட்டர் உள்விட்டம் இருக்கிற சன்னக் குழாய் ரெண்டு மூணு மீட்டர் வெச்சு, அதுல பிக்னிக் டேப்பை மாட்டினீங்கனா கெக் பிரஷரை இறக்கவே வேணாம், 10, 12லயே பிடிக்கலாம். குழாய் உராய்வே பிரஷரைத் தின்னுடுது. கார்க் இருந்தா பாட்டில் உள்ளயும் பிரஷர் நிக்கிறதால கேஸ் இழப்பு இன்னும் கம்மி. கெக்கை இறக்கி ஏத்துற தொல்லையும் கிடையாது.

5ல பிடிக்கிறவங்க ஒண்ணு கவனிங்க. பிரஷரை இறக்கிட்டு மத்தியானம் முழுக்க ஆடி அசைஞ்சு பிடிச்சீங்கனா கெக்ல இருக்கிற பீரே மெல்ல கேஸை விட ஆரம்பிக்கும், லைன்ல குமிழி குமிழியா தெரியும், அப்புறம் கடைசிப் பாட்டில் எல்லாம் நுரை. சட்டுபுட்டுனு முடிச்சுட்டு பழையபடி 12க்கு ஏத்திடுங்க.

எப்படிப் பிடிச்சாலும் கொஞ்சம் கேஸ் போகத்தான் போகும். அதனால பாட்டில்ல போகப் போற கெக்குனா ஒரு நாள் ரெண்டு நாள் முன்னாடி பிரஷரை ரெண்டு பிஎஸ்ஐ கூட்டி வெச்சிடறது என் வழக்கம்.

18 ஜனவரி

தம்பி பார்பிக்யூ முடிச்சுட்டு வந்து எழுதியிருக்கார். ஒரு டஜன்ல ரெண்டு தவிர எல்லாம் நல்லா இருந்துச்சாம். அந்த ரெண்டும் ஃப்ரிட்ஜ்ல இடம் இல்லாம கிச்சன் மேடைல இருந்த பாட்டில்கள். நான் ஒண்ணும் சொல்லல.

பச்சைப் பாட்டில்ல பிடிச்சு வெயில்ல டேபிள் மேல வெச்சிருந்தாராம், ஒருத்தர் மோந்து பாத்துட்டு மூஞ்சியைச் சுளிச்சாராம். அது பாட்டில் பிடிச்ச தப்பு இல்ல. ஹாப்ஸ்ல (பீருக்குக் கசப்பு கொடுக்கிற பூ) இருந்து வர்ற கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டா உடைஞ்சு கந்தக நாத்தம் அடிக்கிற ஒண்ணா மாறிடும். அதுக்குத்தான் பழுப்புப் பாட்டில். பச்சைக் கண்ணாடி அந்த வெளிச்சத்தை சரியா தடுக்காது, வெள்ளைக் கண்ணாடி சுத்தமா தடுக்காது. ஆஸ்திரேலியா வெயிலுக்கு கொஞ்ச நேரமே போதும்.

2 பிப்ரவரி

இப்ப ஆக்ஸிஜன். இதை எழுதாம தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன், ஏன்னா இதுல இறங்கினா சண்டை வரும்.

கார்பன் டை ஆக்சைடு காத்தை விட ஒன்றரை மடங்கு கனம், அதனால பாட்டில் அடியில போர்வை மாதிரி படுத்துக்கும், ஒரு தடவை புஸ்ஸுனு அடிச்சா போதும்னு நிறைய பேர் நம்புறாங்க. படுக்காது. ரெண்டு கேஸும் கலந்துக்கும். அடிக்கிற வேகத்துலயே கலந்துடுது. முழுசா கலக்குதுனு வெச்சுக்கிட்டா, பாட்டில் கொள்ளளவுக்கு ஒரு மடங்கு கேஸ் விட்டா இன்னும் 37 சதவீதம் காத்து உள்ளதான் இருக்கு. மூணு மடங்கு விட்டா 5 சதவீதம். அஞ்சு மடங்கு விட்டாதான் ஒண்ணுக்குக் கீழ வரும். பீர் கன்னோட உண்மையான லாபம் இதுதான், நுரை கம்மி பண்றது இல்ல, கேஸுக்கு தனி வழி இருக்கு, பீர் விடுறதுக்கு முன்னாடி பாட்டிலை நிதானமா கழுவி விடலாம். ஆக, மேல நான் "அப்புறம்"னு ஒதுக்கினேன்ல, அந்தக் கருவிக்கு இந்த ஒரு இடத்துல மரியாதை உண்டு.

ஆனா கேஸ் அடிக்கிறதை விட முக்கியமானது மூடி போடுற அந்த ரெண்டு செகண்ட். பாட்டில் கழுத்துல 15 மில்லி காத்து மாட்டிக்கிச்சுனு வைங்க. அதுல இருக்கிற ஆக்ஸிஜன் சுமார் 4 மில்லிகிராம். 375 மில்லி பீருக்கு அது லிட்டருக்கு 11 மில்லிகிராம், அதாவது 11 பிபிஎம் (பத்து லட்சத்துல 11 பங்கு), 11,000 பிபிபி (நூறு கோடில 11,000 பங்கு). பெரிய ஆலைகள்ல 100 பிபிபிக்கு மேல போனாலே முகம் சுருங்கும். நம்ம 11,000. இப்ப புரியுதா ஏன் நுரை மேலயே மூடியை வைக்கச் சொல்றாங்கனு? கழுத்துல நுரை நிரம்பி வழியும்போது மூடியை வெச்சு அமுக்கினா அந்த 15 மில்லில இருக்கிறது பூரா கார்பன் டை ஆக்சைடு குமிழி. காசு செலவே இல்லாத விஷயம். நுரை வரலனா பாட்டிலை ஒரு ஸ்பூனால தட்டுங்க, வரும்.

அதனால நுரையே வராம பிடிக்கிறது லட்சியம் இல்ல. கடைசி ஒரு இன்ச் நுரை வேணும், அதுக்கு முன்னாடி வேணாம்.

3 பிப்ரவரி

நினைச்ச மாதிரியே சண்டை. "நான் வருஷக்கணக்கா காத்தோடதான் மூடுறேன், ஒண்ணும் ஆகல"ங்கறார் ஒருத்தர். அண்ணே, நீங்க ஸ்டவுட், அதான் கறுப்பு பீர், காய்ச்சறவர், அதுவும் பாட்டில்ல சர்க்கரை போட்டு ஈஸ்ட்டை வேலை செய்ய விடுறவர். அங்க உயிரோட இருக்கிற ஈஸ்ட் ஆக்ஸிஜனைத் தின்னுடும். கெக்ல குளிர வெச்சு தெளிஞ்ச பீர்ல தின்ன ஆள் இல்ல. உங்க அனுபவம் உங்க பீருக்குச் சரி.

ஹேசி ஐபிஏ, அதான் கலங்கலா ஹாப்ஸ் வாசனை தூக்கலா இருக்கிற பீர், காய்ச்சறவங்க இதைச் சும்மா விடாதீங்க. அந்த வகைதான் மொத பலி. ஆரஞ்சு ஜூஸ் நிறத்துல இருந்தது சாம்பல் கலந்த ஊதாவாப் போயிடும், மாம்பழ வாசனை எல்லாம் ஓடிடும்.

16 பிப்ரவரி

ஒரே கெக்ல இருந்து ஒரே நாள்ல பிடிச்ச பாட்டில்கள், சிலது நுரை மேல மூடினது, சிலது வேணும்னே நுரை அடங்க விட்டு மூடினது. ரெண்டு வகையிலயும் பாதியை ஃப்ரிட்ஜ்லயும் பாதியை கராஜ்லயும் வெச்சிருந்தேன். நேத்து நாலையும் வரிசையா திறந்து நாலு பேர் குடிச்சோம்.

ஃப்ரிட்ஜ்ல இருந்த ரெண்டுக்கும் வித்தியாசம் சொல்ல மூக்கைச் சுருக்கிக்கிட்டு உக்காரணும். கராஜ்ல இருந்த ரெண்டுக்கும் கண்ணை மூடிக்கிட்டே சொல்லலாம், அடங்க விட்டு மூடினது நனைஞ்ச அட்டைப்பெட்டி, கொஞ்சம் ஷெர்ரி ஒயின் வாடை. நுரை மேல மூடினதும் கராஜ்ல கொஞ்சம் தளர்ந்துதான் போயிருந்துச்சு. அப்ப என்ன தெரியுதுனா குளிர்ச்சி ரெண்டு தடவை வேலை செய்யுது, பிடிக்கும்போது ஒண்ணு, வெச்சிருக்கும்போது ஒண்ணு. கெக் பீரைப் பாட்டில்ல போட்டுட்டா பால் பாக்கெட் மாதிரி நினைச்சுக்கங்க, ஃப்ரிட்ஜை விட்டு வெளிய வரக் கூடாது.

ஆக்ஸிஜன் உறிஞ்சுற மூடி போட்டா போதாதானு ஒரு கேள்வி. போடுங்க, நல்லதுதான், ஆனா அது மெதுவா வேலை செய்யற சாமான், 15 மில்லி காத்தை அது தலையில கட்டிட்டு நீங்க தூங்கிட முடியாது.

1 மார்ச்

சர்க்கரை போட்டே பாட்டில் பண்ணிடலாமே, எதுக்கு கெக், எதுக்கு இந்தப் பாடுனு கேட்டிருக்காங்க. பண்ணலாம். கூப்பர்ஸ் கம்பெனியோட கார்பனேஷன் டிராப் (அளவா செஞ்ச சர்க்கரைக் கட்டி) 375 மில்லிக்கு ஒண்ணு, 750க்கு ரெண்டு, ரெண்டு மூணு வாரம் அறைச் சூட்டுல விட்டா ஆச்சு. அடியில மண்டி இருக்கும், கூப்பர்ஸ் பேல் ஏல் குடிக்கிறவங்க அதை உருட்டிக் கலக்கியே குடிப்பாங்க, அது ஒரு ரசனை. எங்க சித்தப்பா வந்தப்ப அதைப் பாத்துட்டு "கெட்டுப் போச்சுடா, கீழ ஊத்திடு"ன்னார். அந்த மாதிரி ஆளுகளுக்குத் தெளிவா வேணும். போட்டிக்கு அனுப்பறதுக்கும் கெக்ல இருந்து பிடிச்சா கேஸ் எவ்வளவுனு நம்ம கையில இருக்கு. மத்தபடி கெக்ல பாதி குடிச்சாச்சு, அடுத்த பேட்சுக்கு கெக் காலியாகணும், மிச்சத்தை என்ன பண்ண, அதுதான் எங்க வீட்ல முக்கால்வாசி தடவை காரணம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். கெக்ல இருக்கிற பீர் நொதிச்சு முடிஞ்சிருக்கணும், அதாவது ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னு முடிச்சிருக்கணும். ஹைட்ரோமீட்டர் (மிச்ச சர்க்கரையைக் காட்டுற மிதவை) ரீடிங் நிக்காம, அவசரத்துல குளிர வெச்சு கேஸ் ஏத்திட்டீங்கனா ஈஸ்ட் தூங்குது, சாகல. அந்தப் பாட்டிலை யாராவது கார் டிக்கில மறந்து வெச்சா எழுந்து வேலையை ஆரம்பிக்கும். கண்ணாடி வெடிச்சா விளையாட்டு இல்ல.

2 மார்ச்

வெடிக்கிறதுனு எழுதினதும் ஒருத்தர் கோலி சோடாவை இழுத்திருக்கார், அரசியல் கூட்டத்துல பறக்கிற பாட்டில் எல்லாம் ஞாபகம் வந்துடுச்சாம். அந்தப் பாட்டில் இங்க பேசற விஷயத்துக்கு சொந்தக்காரன்தான். ஹைரம் காட்னு ஒரு இங்கிலாந்துக்காரர் 1872ல பேட்டண்ட் வாங்கினது. மூடியே கிடையாது. மெஷின்ல பிரஷரோட கேஸ் ஏத்தி பாட்டிலைக் கவுத்தா கோலி கழுத்துக்கு ஓடி வந்து ரப்பர் வளையத்துல ஒட்டிக்கும், உள்ள இருக்கிற கேஸே அதை விடாம தள்ளிப் பிடிச்சுக்கும். ஊர்ல சோடா கம்பெனில அந்த மெஷினைக் கையால சுத்துறதை சின்ன வயசுல வேலி ஓரமா நின்னு பாத்திருக்கேன். பிரஷர் இருக்கிற இடத்துலயே நிரப்பி, அங்கேயே மூடிட்டு வெளிய எடுக்கிற வேலை. நம்ம கார்க் வெச்சு ஏமாத்தி பாதி தூரம்தான் போறோம், மூடும்போது வாயைத் திறந்தே ஆகணும்.

பீருக்கு அந்தப் பாட்டிலைப் பயன்படுத்தலாமானு கேக்காதீங்க. கழுவுறது யாரு.

20 மார்ச்

சென்னையில இருந்து ஒரு தம்பி, "கெக் எல்லாம் இங்க கிடைக்குது அண்ணே, ஆரம்பிக்கலாமா?" கெக் கிடைக்கும் தம்பி, அனுமதி கிடைக்காது. தமிழ்நாட்டுல 1937 மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்கு, வீட்ல காய்ச்சறது குற்றம். இங்க ஆஸ்திரேலியாவுல பிரதமர் விட்லம் ஆட்சிக் காலத்துல எழுபதுகள்ல வீட்டு பீருக்கு வழி விட்டாங்க, இங்கிலாந்துல 1963ல லைசென்ஸை எடுத்தாங்க, அமெரிக்காவுல கார்ட்டர் 1978ல கையெழுத்துப் போட்டார், அதுக்கப்புறமும் மிசிசிப்பியும் அலபாமாவும் 2013 வரைக்கும் இழுத்தாங்க. இங்கயும் விக்கக் கூடாது, காய்ச்சி வடிக்கக் கூடாது. உங்களுக்கு ஆசை இருந்தா அதே கெக்ல இஞ்சி எலுமிச்சை சோடா போடுங்க, கேஸ் கணக்கும் பாட்டில் வித்தையும் அப்படியே பொருந்தும். நன்னாரி சர்பத் போட்டும் பாத்தேன், அருமை, ஆனா டியூப்ல வாசனை ஒட்டிக்கிச்சு, அதுக்கப்புறம் வந்த பில்ஸ்னர்ல நன்னாரி.

14 ஏப்ரல்

புத்தாண்டு வாழ்த்து சொன்னவங்களுக்கு எல்லாம் திரும்ப வாழ்த்து.

திருகு மூடிப் பாட்டில் பத்தி கேள்வி வந்துக்கிட்டே இருக்கு. இங்க ஸ்டபி (குட்டை பீர் பாட்டில்) பாதிக்குப் பாதி திருகு வாய்தான். மேஜைல நிக்கிற கேப்பர் (மூடி அமுக்குற கருவி) இருந்தா அதுலயும் மூடி உக்காரும். ரெண்டு கைப்பிடி இருக்கிற கை கேப்பர் கழுத்தைக் கவ்விப் பிடிக்கிற வகை, அதுல திருகு வாய்ப் பாட்டில் சில சமயம் உதடு சிதறும், கண்ணாடித் தூள் பீர்ல விழுந்தாலும் தெரியாது. ஓப்பனரால நெம்பித் திறக்கிற சாதா வாய்ப் பாட்டிலா சேத்து வைங்க. விக்டோரியால ஒரு பாட்டிலுக்குப் பத்து சென்ட் திருப்பிக் கொடுக்கிற திட்டம் 2023 நவம்பர்ல வந்ததுல இருந்து ஓசிப் பாட்டில் கிடைக்கிறது கஷ்டமாயிடுச்சு, முன்னாடி பக்கத்து வீட்டுக்காரர் பெட்டி பெட்டியா கொடுப்பார், இப்ப அவர் பையன் எண்ணி எடுத்துட்டுப் போறான்.

11 மே

இதை மொதல்லயே எழுதியிருக்கலாம். ஒரு வாரத்துக்குள்ள குடிக்கப் போற பீர்னா கண்ணாடியே வேணாம். கூல்டிரிங்க்ஸ் வர்ற பிளாஸ்டிக் பாட்டில், அதுக்கு பால் லாக் (ball lock, கெக் லைன் கனெக்டர் அப்படியே மாட்டுற வகை) வெச்ச கார்பனேஷன் மூடினு ஒண்ணு விக்குது. பாட்டிலை நசுக்கி காத்து பூரா வெளிய தள்ளி, நசுங்கின நிலையிலேயே மூடியைத் திருகி, கெக்கோட பீர் லைனை அது தலையில மாட்டுங்க. பாட்டில் ஊதிக்கிட்டே நிரம்பும், பிரஷர் சமமானதும் நிக்கும். மூடியை லேசா தளர்த்தினா மிச்சமும் ஏறும். காத்துக்கு உள்ள இடமே இல்ல, நுரையும் சொற்பம், மூடுற வேலை ஏற்கனவே முடிஞ்சது. கார்க்கும் வேணாம், கன்னும் வேணாம். பிளாஸ்டிக் வழியா ஆக்ஸிஜன் மெல்ல உள்ள வரும், கேஸ் மெல்ல வெளிய போகும், அதனால மாசக்கணக்கா வைக்க இது ஆகாது. பார்பிக்யூக்கு இதுதான். இப்ப கேட்டா தம்பிக்கு மொத பதிலாவே இதைச் சொல்லியிருப்பேன், ஆனா பாட்டில்ல மூடி போட்டு லேபிள் ஒட்டி கொண்டு போற கெத்து இதுல கிடையாது, அதையும் சொல்லணும்.

ஆரஞ்சு ஃபேன்டா பாட்டில் மட்டும் எடுக்காதீங்க, எவ்வளவு கழுவினாலும் வாசனை போகாது. சோடா வாட்டர் பாட்டில் எடுங்க.

22 ஜூன்

குளிர்காலம். கராஜ் இப்ப 8 டிகிரி, பாட்டில் எல்லாம் தானா குளிர்ந்து கிடக்கு, ஜனவரில நான் எழுதின பாதி உபதேசம் இப்ப தேவையில்ல. பிரச்சினை வேற பக்கம் மாறியிருக்கு, பீர் நொதிக்க மாட்டேங்குது. அதுக்கு பழைய ஃப்ரிட்ஜ் ஒண்ணுல ஹீட் பெல்ட்டும் டெம்பரேச்சர் கன்ட்ரோலரும் மாட்டியிருந்தேன். வீட்ல ஒரு நாள் அதைத் திறந்து பாத்துட்டு இட்லி மாவை உள்ள வெச்சாங்க, 28 டிகிரில மறுநாள் காலையில பொங்கி வழிஞ்சு நின்னுச்சு. அன்னிலேர்ந்து அந்த ஃப்ரிட்ஜ் எனக்கு வார நாள்ல மட்டும்தான். ஞாயித்துக்கிழமைக்கு மாவு உள்ள போகணும், என் லாகர் காத்திருக்கணும்.

மாவு வாடை பீருக்கு வருமானு கேட்டவருக்கு: ஏர்லாக் (கேஸை வெளிய மட்டும் விடுற அடைப்பு) வழியா வராது. ஆனா மாவுல இருக்கிறது லாக்டிக் பாக்டீரியா கூட்டம், பீரைப் புளிப்பாக்குற வேலை அதுங்களுக்குத் தெரியும். மாவு வழிஞ்ச கையோட கெக் டியூப்பைத் தொடாதீங்க. பாட்டில்ல பிடிக்கிறதுக்கு முன்னாடி, அலசத் தேவையில்லாத ஆசிட் வகை சானிடைசர் லிட்டருக்கு 1.5 மில்லி போட்டுக் கலக்கினது போதும், அந்த நுரை உள்ள கொஞ்சம் இருந்தா பரவால்ல, திரும்பத் தண்ணி விட்டு அலசினா செஞ்ச வேலை வீண்.

23 ஜூன்

குளிருக்கு பயந்து சிலிண்டரை வீட்டுக்குள்ள கொண்டு வந்து ஸ்டோர் ரூம்ல வெச்சிருக்கேன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். கதவைத் திறந்து வைங்க. 2.6 கிலோ சிலிண்டர் லீக் ஆகி காலியானா கிட்டத்தட்ட 1,400 லிட்டர் கேஸ். பத்துக்குப் பத்து ரூம்ல அது 6 சதவீதம் கிட்ட வரும், ஆளுக்கு ஆபத்தாக அது தாராளமா போதும். வாசனையும் இருக்காது. கனெக்ஷன் எல்லாத்துலயும் சோப்புத் தண்ணி தடவி குமிழி வருதானு பாக்கிறது அஞ்சு நிமிஷ வேலை.

5 ஜூலை

விக்ப்ரூ (விக்டோரியா வீட்டு பீர் போட்டி) மாதிரி போட்டிக்கு அனுப்பறவங்க கவனத்துக்கு: நீதிபதி பாட்டிலைத் திறந்த உடனே மூக்கை வைப்பார், அந்த மொத மோப்பத்துலதான் பாதி தலையெழுத்து. அதனால அனுப்பற பாட்டிலை கடைசி நேரத்துல பிடிங்க, மூணு வாரம் முன்னாடியே பிடிச்சு பத்திரமா வைக்கிறது பத்திரம் இல்ல. கெக்ல நடு பாகத்துல வர்றதைப் பிடிங்க, மொத ரெண்டு கிளாஸ்ல ஈஸ்ட் இருக்கும், கடைசி லிட்டர்ல டிப் டியூப் (கெக் அடில இருந்து பீரை மேல எடுக்கிற குழாய்) கேஸையும் சேத்து உறிஞ்சிக்கிட்டு சீறும். அந்த லிட்டரைப் பாட்டில்ல போட போராடாதீங்க, கிளாஸ்ல பிடிச்சுக் குடிங்க.

பீர் கன் வாங்கிட்டேன்னு தம்பி நேத்து படம் போட்டிருக்கார். இருக்கட்டும். ஐபிஏதான் அவருக்குப் பிடிக்குதாம், அப்ப காசு வீண் இல்ல. பாட்டில் ஃப்ரிட்ஜ்ல இருக்கானு மட்டும் கேட்டேன், பதில் இன்னும் வரல.

9 ஜூலை

நைட்ரோ ஸ்டவுட்டை இதே மாதிரி பாட்டில்ல பிடிக்கலாமா? கூடாதுனு இல்ல, பிரயோஜனம் இல்ல. அதுல கார்பன் டை ஆக்சைடு 1.2 வால்யூம் கிட்டதான் இருக்கும், அந்த வெண்ணெய் மாதிரி நுரை எல்லாம் நைட்ரஜன் 30 பிஎஸ்ஐக்கு மேல தள்ளி, துளைத்தட்டு வெச்ச டேப் வழியா பீரைப் பிழிஞ்சு எடுக்கிறதால வர்றது. பாட்டில்ல பிடிச்சா ஆறின கஷாயம். கின்னஸ் கேன்ல உருண்டையா ஒண்ணு உருளுமே, அந்த வேலையைச் செய்யத்தான் அதை உள்ள போட்டு வெச்சிருக்காங்க. நைட்ரோ வேணும்னா ஆளுகளை வீட்டுக்குக் கூப்பிடுங்க. இல்லனா அந்த ஸ்டவுட்டையே சாதா கேஸ்ல 2.2 வால்யூம் ஏத்தி பாட்டில்ல போடுங்க, குடிக்கிறவன் குறை சொல்ல மாட்டான்.